கமாவுக்கு ஒரு விகுதி

1

இந்தக் கதை எனக்குக் கண் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை, கேட்டுக் கேட்டுப் பிடுங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எங்கேயாவது கேள்விப்பட்டு என்னைத் திருடி என்று சொல்லக் கூடாது.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரியும்வரை உட்காருங்கள் என்று ஒரு நீளமான கூடத்தில் எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கொண்டுபோயிருந்த புத்தகத்தைத் திறந்தேன். எழுத்தெல்லாம் கரைந்து ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தது. போனும் அப்படித்தான். எழுதிப் பிழைக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. உச்சுக் கொட்டிக்கொண்டே மூடி வைத்தேன்.

"யாரது உச்சுக் கொட்டறது? புஸ்தகம் கொண்டுவந்து ஏமாந்த கேஸா?" என்றது பக்கத்து நாற்காலி.

முகம் தெரியவில்லை, குரல் தெரிந்தது. "அக்கா, நீங்களா?"

"நானேதான். கிட்ட வா. படிக்க முடியாத ரெண்டு பேர் வேற என்ன பண்றது, வம்புதான் பேசணும்."

கமா அக்கா. புத்தக அட்டைகளில் வேறு பெயர் இருக்கிறது, ஆனால் அச்சகத்தில், பதிப்பகத்தில், கூட்டங்களில் எல்லாம் அவர் கமாதான். முற்றுப்புள்ளியே இல்லாமல் முழுக்க முழுக்கக் கமாவாகவே ஒரு நாவல் எழுதியதால் அச்சுக் கோத்தவர் எரிச்சலில் வைத்த பெயர். வைத்தவர் மறந்துவிட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் பேசினார். கதை பாதியில் இருக்கும்போதே என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். (பார்க்கவில்லை, முகத்தை என் பக்கம் திருப்பினார். இரண்டு பேருக்கும்தான் ஒன்றும் தெரியவில்லையே.)

"இதைக் கதையா எழுதிடுவ, இல்ல?"

"எழுதுவேன்."

"எழுது. ஆனா என்னைப் பாவம்னு எழுதாத. எங்க வீட்டுக்காரரை வில்லன்னு எழுதாத. அவ்வளவுதான்."

அங்கேயே எனக்குப் பாதிக் கதை போய்விட்டது.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன். மூன்றையும் இங்கே வைக்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் ஒன்று: "அவள் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்."

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கமா எழுபதை நெருங்குகிறார். ஓர் அலமாரித் தட்டு நிறையப் புத்தகம் எழுதியிருக்கிறார். இதே வயதில், இதே அளவு எழுதிய ஓர் ஆணைப் பற்றி நான் "அவன் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்" என்று தொடங்குவேனா? மாட்டேன். கை தானாக "அவர்" என்று போயிருக்கும். அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "அவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே அவர் படித்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தியதும் அவர் கண்ணைத் திறந்து அவரை—"

எந்த அவர், எந்த அவரை? எனக்கே தெரியவில்லை. நடுவிலேயே விட்டுவிட்டேன்.

தொடக்கம் மூன்று: "கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி—"

பெண்மணி! இந்தச் சொல்லை எழுதியதற்காக என்னை நானே கிள்ளிக்கொண்டேன்.

கடைசியில் கமாவின் வழியையே எடுத்துக்கொண்டேன். அது என்ன வழி என்பதுதான் கதையே. இப்போதைக்கு இவ்வளவு போதும்: இந்தக் கதையில் கமா "அவர்". கமாவின் கணவன் "அவன்". அவனுக்கு எழுபது தாண்டிவிட்டது, மிக நல்ல மனிதன், உங்களுக்கும் எனக்கும் காது கூசும். கூசட்டும். நடுவில் எனக்கு நழுவினால் மன்னிக்கவும்.

(கணவனுக்குக் கணவர் என்று ஒரு மரியாதை வடிவம் அன்றாடம் புழங்குகிறது. மனைவிக்கு? துணைவியார் என்று ஒன்று உண்டு, அழைப்பிதழில் மட்டும் வரும். காபி கொண்டுவருகிற துணைவியாரை யாராவது பார்த்திருக்கிறீர்களா?)

3

கொஞ்சம் வரலாறு. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டிப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கமா முதலில் மொழிபெயர்த்தது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள். "உணவுக்குப் பின் உட்கொள்ளவும்." பிறகு துணி துவைக்கும் இயந்திரத்தின் வழிகாட்டி. இரண்டிலும் யாருக்கும் பெயர் கிடையாது, யாருக்கும் பால் கிடையாது, எல்லாம் "செய்யவும்", "திறக்கவும்", "மூடவும்". அந்த வேலை செய்த நாள்களில்தான் தமிழில் ஒரு வினைச்சொல்லை முடிப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்று தனக்குத் தெரிந்தது என்பார். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. வாக்கியத்தின் கடைசி எழுத்தில் ஆளைத் தூக்கி ஒரு படியில் உட்கார வைத்துவிடுகிறது மொழி. எந்தப் படி என்று யாரும் கேட்பதே இல்லை.

இஸ்திரி மேசையில்தான் எழுதினார், துணியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு. கமா நாவலுக்கு அடுத்து வந்த குறுநாவலைத்தான் நான் அதிகம் கொண்டாடுவேன். அதில் ஒரு வாக்கியம்கூட முடியாது. ஒரு பெண் எதையோ யோசிக்க ஆரம்பிப்பாள், உள்ளேயிருந்து யாரோ கூப்பிடுவார்கள், "இதோ வர்றேன்" என்று வாக்கியம் அறுந்துவிடும். தொண்ணூறு பக்கமும் அப்படியே. அச்சகத்திலிருந்து பதறிப்போய் ஆள் வந்தார், "அம்மா, எல்லா வரியிலும் பாதி காணோம்!" என்று. ஒரு விமர்சகர், கதையம்சம் போதாது என்று எழுதினார். கமா அவருக்கு ஒரு வரிப் பதில் போட்டார்: "நீங்கள் சொல்வது சரிதான், நானே அதை விரிவாக எழுத நினைத்து உட்கார்ந்தேன், இதோ வர்றேன்."

கணவன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன். கண்ணாடி அறைக்குள் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து எந்தப் பேருந்து எந்த மேடை என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். (பெற்றவன். பார்த்தீர்களா, நழுவிவிட்டது.) குரல் அப்படி ஒரு குரல். ஊரில் முகம் தெரியாதவர்கள்கூடக் கடையில் அவன் வாயைத் திறந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாளும் பேருந்தை மாற்றிச் சொன்னதில்லை என்பது அவனுடைய பெருமை. மனைவி எழுதுவது புரிகிறதோ இல்லையோ, அவர் எழுதும்போது வீட்டில் குக்கர் விசில்கூடச் சத்தம் போடக் கூடாது என்று எடுத்து வைத்துவிடுவான்.

4

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன்.

கமாவின் வலது கண் முன்பே போய்விட்டது. இடது கண்ணில் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வந்தது. ஓரம் தெரியும், நடு தெரியாது. ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. கதவு தெரியும், சாவித் துளை தெரியாது. அந்த நிலையில்தான் ஒரு நாவலை மொழிபெயர்க்க எடுத்தார். திரையில் ஓர் எழுத்து ஒரு கைக்குட்டை அகலம் வரும்படி பெரிதாக்கி வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து அடித்து முடித்தார்.

நாவல் இரண்டு பேரைப் பற்றியது. மனைவி ஒரு விடுதியில் சமையல் செய்கிறவர். கணவன் பள்ளித் தலைமையாசிரியன். நாவல் எழுதப்பட்ட மொழியில் ஆண், பெண், பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் ஒரே சுட்டுப்பெயர், ஒரே "நீ". தமிழுக்கு வந்தால் யாராவது ஒருவரைக் கீழே இறக்காமல் ஒரு வரி நகராது. தமிழில் எந்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தாலும் என்ன வரும்? தலைமையாசிரியர் வந்தார். அவருடைய மனைவி வந்தாள். யாரும் யோசித்துச் செய்வதில்லை, விரல் செய்துவிடுகிறது.

இருவருக்கும் "அவர்" போட்டுப் பார்த்தார் கமா. என்னுடைய தொடக்கம் இரண்டு மாதிரி ஆயிற்று. அப்புறம் ஒரு நாள் பதிப்பாளருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"தம்பி, யாருக்காவது ஒருத்தருக்கு மரியாதை குறைஞ்சுதான் தீரும்னா, இந்தத் தடவை அவனுக்குக் குறையட்டும்."

"அக்கா, படிக்கறவங்க அச்சுப்பிழைன்னு நினைப்பாங்க."

"ஒரு தடவை வந்தா அச்சுப்பிழை. முன்னூறு பக்கமும் வந்தா?"

"முன்னூறு பக்கம் அச்சுப்பிழை" என்றார் பதிப்பாளர். ஆனால் ஒத்துக்கொண்டார்.*

* பதிப்பாளரை நான் "ஆர்" போட்டு எழுதுவதற்கு வேறு காரணம் உண்டு. என் சிறுகதைத் தொகுப்பு ஒன்று அவர் மேசையில் கிடக்கிறது.

ஆக, சமையல்காரர் வந்தார், தலைமையாசிரியன் வந்தான். அச்சுக்கு முன்னால் கடைசியாகத் திருத்திப் பார்க்கிற மெய்ப்புத் தாள்கள் வீட்டுக்கு வந்தபோது கமாவின் ஓரக்கண்ணும் கைவிட்டுவிட்டது. வரி தெரியவில்லை. தாள் வெள்ளை என்பது மட்டும் தெரிந்தது.

"நான் படிக்கறேன், நீ கேளு" என்றான் கணவன்.

5

இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். அவன் படிக்கும் முறை அறிவிப்பு முறை. நிறுத்தக்குறியைக்கூட விட மாட்டான். "மேற்கோள் ஆரம்பம். என்னால முடியாது, கமா, போ. மேற்கோள் முடிவு." கமா கண்ணை மூடிக்கொண்டு, தான் எழுதியதை மனசுக்குள் ஓடவிட்டு இரண்டையும் ஒட்டிப் பார்ப்பார். எங்கேயாவது இடித்தால் விரலைத் தூக்குவார்.

இரண்டாம் அத்தியாயத்தில் இடித்தது.

"அவள் கதவைத் திறந்தாள், முற்றுப்புள்ளி."

கமா விரலைத் தூக்கினார். "அவளா?"

"என்ன?"

"என்ன இருக்கு அங்க?"

"அவர் கதவைத் திறந்தார்."

"நீங்க என்ன படிச்சீங்க?"

"அதைத்தான் படிச்சேன்."

சரி, காதுதான் மோசம் போகிறது போல என்று நினைத்துக்கொண்டார் கமா. கண்ணுக்கு அடுத்து அதுவும் போனால் குடி முழுகிப்போகும். அடுத்த பக்கத்தில் மறுபடியும் அவள். அதற்கடுத்த பக்கத்தில் தலைமையாசிரியர் வந்துவிட்டார். ஆசிரியன் இல்லை, ஆசிரியர். கமா கேட்பதை நிறுத்தினார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, அதுவும் அவன்மேல் இல்லை, பதிப்பகத்தின்மேல்.

போனை எடுத்து, "என்ன தம்பி, நைசா மாத்திட்டீங்களா? கண்ணு தெரியாதுன்னு தைரியமா?" என்று ஆரம்பித்தவர் மூச்சு விடாமல் வறுத்தெடுத்தார். பதிப்பாளர் பாவம், குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கணினியில் கோப்பைத் திறந்து தேடிப் பார்த்தார்.

"அக்கா, நீங்க போட்டபடியேதான் இருக்கு. ஒரு 'அவள்'கூட இல்ல. அந்தம்மாவுக்கு எல்லா இடத்திலயும் 'அவர்'தான்."

கமா போனைக் கீழே வைத்தார். எதிரே அவன் தாளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தான்.

(இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் பத்தியை இதோடு முடித்துக்கொள்வார். நான் அடுத்து என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.) அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

6

மறுநாள் போனில் பதிவுசெய்தார். அவனுக்குத் தெரியாமல் இல்லை, சொல்லிவிட்டுத்தான். ஓர் அத்தியாயம் முழுக்கப் படித்தான். பிறகு பதிவைப் போட்டுக் காட்டி, தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

அவன் விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே கேட்டான். முதல் "அவள்" வந்ததும் விரல் நின்றது. இரண்டாவது, மூன்றாவது. பிறகு தலைமையாசிரியர் வந்தார், சென்றார், அமர்ந்தார். அவனுடைய சொந்தக் குரல், தெளிவான, ஊரே நம்புகிற குரல், தாளில் இல்லாததைப் படித்துக்கொண்டே போனது.

"நானா இது?" என்றான்.

"நீங்கதான்."

"நான் வேணும்னு பண்ணல."

"தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா சண்டை போட்டு முடிச்சிருப்பேன்."

வாழ்நாள் முழுக்கப் பேருந்தை மாற்றிச் சொல்லாத மனிதர், எத்தனை பயணியை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டோமோ என்ற மாதிரி உட்கார்ந்திருந்தார். (உட்கார்ந்திருந்தான். இதைத் திருத்த எனக்கு மனசே வரவில்லை, ஆனாலும் திருத்துகிறேன்.)

ஆஸ்பத்திரியில் இந்த இடம் வந்தபோது கமா என் கையைத் தேடிப் பிடித்தார்.

"புரியுதா உனக்கு? இது ஒரு புஸ்தகத்துப் பிரச்சினை இல்ல. இந்தக் கண்ணு இனி திரும்பாது, டாக்டர் சொல்லிட்டார். இனிமே நான் படிக்கப்போற ஒவ்வொரு வரியும் அந்த வாய் வழியாத்தான் எனக்கு வரணும். நல்ல வாய். அன்பான வாய். ஆனா பொம்பளைங்க எல்லாரையும் ஒரு படி இறக்கிட்டுத்தான் உள்ள விடுது. அதுவும் தெரியாமலே. நான் என்ன பண்ணட்டும் சொல்லு?"

பயமாக இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும், உண்மையும் அதுதான்.

7

போனுக்கென்று ஒரு செயலி இருக்கிறது, கோப்பைக் கொடுத்தால் படித்துக்காட்டும். பதிப்பாளர் இறக்கிக் கொடுத்தார். அதற்கு ஆணும் ஒன்று, பெண்ணும் ஒன்று, இருப்பதை இருப்பதுபோல் படிக்கும். "அவர் கதவைத் திறந்து பக்கம் எண்பத்தொன்று வெளியே வந்தார்" என்று படித்தது.

அவன் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அது நல்லாத்தான் படிக்குது" என்றான். பால்கனியில் போய்த் துணி எடுக்க ஆரம்பித்தான். எடுத்த துணியையே மறுபடியும் உதறிக் காயப்போட்டான் என்பது கமாவுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது.

கேட்க ஆரம்பித்த மூன்றாவது பக்கத்தோடு செயலியை மூடிவிட்டார் கமா. காரணம் பக்க எண் இல்லை. அந்த அத்தியாயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவன் படிக்கும்போது வேடிக்கை வரும் வரிக்கு இரண்டு வரி முன்னாலேயே சிரிப்பை அடக்க முடியாமல் குரல் ஆடும். அதைக் கேட்டு அவருக்கு முன்கூட்டியே சிரிப்பு வந்துவிடும். இயந்திரம் அந்த வரியையும் பக்க எண்ணைப் போலவே படித்தது.

"மரியாதை எல்லாம் சரியா இருக்கு, மனுஷங்கதான் இல்ல" என்றார் என்னிடம்.

அவனும் சும்மா இருக்கவில்லை. காலையில் மொட்டை மாடிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தான், அவனுக்குத் தெரிந்த ஒரே முறையில். "பயணிகள் கவனத்திற்கு. சமையல்காரர் வந்துகொண்டிருக்கிறார். அவர் கதவைத் திறக்கிறார். அவர் உள்ளே செல்கிறார்." பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் நாக்கு திரும்பிவிட்டது, ஆனால் அளவுக்கு மீறித் திரும்பிவிட்டது. பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, "பால் வந்துட்டார்" என்றான். எதிர்வீட்டுப் பூனை ஜன்னலில் ஏறியபோது, "இதோ பாரு, திரும்பவும் வர்றார்" என்றான். கமா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, அவன்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

சமையல்காரருக்கு "அவர்" வந்துவிட்டது. தலைமையாசிரியனுக்குத்தான் "அவன்" வரவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் தொண்டையைச் செருமினான்.

"என்ன, வாயில மாட்டிக்குதா?"

"மாட்டிக்கலை. ஆனா அவன், அவன்னு சொல்றப்ப என்னையே யாரோ தெருவுல நிறுத்திக் கூப்பிடற மாதிரி இருக்கு."

இதைக் கேட்டதும் கமாவுக்கு அவன்மேல் ரொம்பப் பாசமாகிவிட்டது. வருத்தமாகவும் இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தனக்கு அப்படித்தான் இருந்தது என்று அவனிடம் அவர் சொல்லவில்லை.

8

கடைசிப் பக்கம்.

நாவலின் முடிவு இப்படி: சமையல்காரர், எல்லாம் போதும் என்று, வீட்டைவிட்டுக் கிளம்புகிறார், பேருந்து நிலையம்வரை போகிறார், திரும்பி வருகிறார். ஏன் என்று நாவல் சொல்லாது. தலைமையாசிரியன் வாசலில் நிற்கிறான். அவர் ஒரே ஒரு வரி சொல்கிறார். தமிழில் கமா எழுதியிருந்தது: "நீ உட்காரு."

இந்த வரிக்காகப் பதிப்பாளர் ஏற்கனவே ஒரு சமாதானம் பேசிப் பார்த்திருந்தார். "அக்கா, நீயும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். 'உட்காரலாமே'ன்னு போட்டுட்டா வம்பே இல்ல." கமா சீறிவிட்டார். "அது வீட்டு ஓனர்கிட்ட பேசற பேச்சு தம்பி. முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவங்க பேசற பேச்சா?"

அவன் படித்தான். "மேற்கோள் ஆரம்பம். நீங்க உட்காருங்க." உடனே நின்றான். "இல்ல. தப்பு. இங்க 'நீ உட்காரு'ன்னு இருக்கு."

கமா விரலைத் தூக்காமல் அவனாகவே பிடித்தது அதுதான் முதல் தடவை.

"சரி, மேல படிங்க."

"மேல ஒண்ணும் இல்ல, முடிஞ்சுடுச்சு." தாளைக் கீழே வைக்காமலே இருந்தான். "ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"இந்த வரி தப்பு. நீ அந்த ஆளை அவன்னு எழுதின, சரி. அது நீ எழுதறது, உன் இஷ்டம். ஆனா இது நீ சொல்றது இல்ல, அவங்க வாயைத் தொறந்து சொல்றது. அவங்க நாக்கு எப்படிப் பழகியிருக்கும்? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்து நிக்கறாங்க. அவங்க மனசுல என்ன வேணா இருக்கட்டும், அவங்களுக்கே பிடிக்கலைன்னாலும் 'நீங்க'ன்னுதான் வரும். அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

வாதம் என்ன என்பதே கமாவின் காதில் முதலில் ஏறவில்லையாம். அவங்க, அவங்க, அவங்க. யாரும் சொல்லிக் கொடுக்காமல், தாளைப் பார்க்காமல், மாடியில் பயிற்சி எடுக்காமல். அந்தச் சமையல்காரர் அவனுக்கு நிஜமான ஆளாகிவிட்டார். அதே மூச்சில் "நீ எழுதறது, உன் இஷ்டம்". புத்தகத்தில் இருக்கிறவருக்கு அவங்க, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நீ. கமாவுக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

அதோடு இன்னொரு சங்கடம், அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அந்த அம்மாவுக்காகப் பேசுகிறானா, தலைமையாசிரியனுக்காகப் பேசுகிறானா, தனக்காகவே பேசுகிறானா? அது அவனுக்கும் தெரிந்திருக்காது.

அவனே கேட்டான், குரலை இறக்கி. "உனக்கும் என்னை அப்படிக் கூப்பிடணும்னு இருந்துச்சா, இத்தனை வருஷமா?"

"இல்லவே இல்ல. உங்களை நீன்னு கூப்பிட எனக்கு ஒரு ஆசையும் இல்ல. நீங்க என்னை நேர்ல எப்படிக் கூப்பிட்டாலும் பரவாயில்ல, அது பழகிடுச்சு, அதுல பாசம் இருக்கு. நான் பக்கத்துல இல்லாதப்ப வெளியில என்னை எப்படிச் சொல்வீங்க? அவளா, அவங்களா? நான் உங்க வாயில யாரு? அது எனக்குத் தெரியணும்."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "எப்படிச் சொல்றேன்னு நான் கவனிச்சதே இல்லையே" என்றான்.

கடைசி வரியை முடிவு செய்யாமலே தாள்களை உறையில் போட்டு வைத்துவிட்டார்கள். பதிப்பாளர் காத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு மறுநாள்தான் ஆஸ்பத்திரி.

9

இதுவரை கமா சொன்னது. முடிவை நான் தயாரித்தேன், இரண்டு விதமாக.

முடிவு அ: கமா "நீ உட்காரு" என்பதையே வைக்கிறார். அவன் தலையாட்டுகிறான். அன்றிலிருந்து அவரை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பிக்கிறான். "நீங்க டீ குடிக்கறீங்களா?" இருவரும் ஜவுளிக்கடையில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. கூட்டங்களில் கைதட்டல் கிடைக்கும் முடிவு. எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு ஆ: கமா "நீங்க உட்காருங்க" என்று மாற்றுகிறார். அவன் சொன்ன வாதத்துக்காக. என் தோழிகளில் பாதிப் பேர் என்னோடு பேசுவதை நிறுத்துகிறார்கள். மீதிப் பாதி அழுகிறார்கள், நானும் அவர்களோடு—

வேண்டாம். நடந்ததையே சொல்கிறேன். ஏனென்றால் நடக்கும்போது நான் அங்கே இருந்தேன்.

10

ஆஸ்பத்திரிக் கூடத்தின் நடுவில் ஒரு தடித்த தூண். அதற்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் நர்ஸின் மேசை. வண்டியை நிறுத்திவிட்டு வந்த கமாவின் கணவன் எங்களைப் பார்க்கவில்லை, நேராக மேசைக்குப் போய்விட்டான். நாங்களும் அவனைப் பார்க்கவில்லை. குரல் வந்தது. மெதுவாகப் பேச அவனுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

"என் மனைவியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"நீங்கதான் கூட வந்தவரா? டாக்டர் சொல்லச் சொன்னார்" என்றாள் நர்ஸ். "இனிமே புஸ்தகம், பேப்பர்னு கண்ணைப் போட்டு வருத்தக் கூடாது. சில பேர் சொன்னா கேக்க மாட்டாங்க, ஒளிஞ்சு ஒளிஞ்சு படிப்பாங்க. நீங்கதான் பாத்துக்கணும்."

கமா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். எனக்கு எலும்பு வலித்தது.

அவன் சொன்னான்:

"அவ(    ) படிக்க மாட்டா(    ). நான்தான் படிச்சுக் காட்டுவேன்."

எழுதாமல் விட்டிருக்கிறேன், தெரிகிறது. எனக்குக் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். சொட்டு மருந்து கண்ணில்தான் விட்டார்கள், காதில் இல்லை. அடைப்புக்குறிக்குள் இரண்டு இடத்திலும் "ங்க" இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் நான் எழுதிவிட்டால் அது என் வாய். ஒன்றாம் பகுதியிலிருந்து நீங்கள் என் வாய் வழியாகத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். அவனை அவர் என்று நான் நழுவவிட்டது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நானே பிடித்துத் திருத்திக் காட்டினேன். நான் பிடிக்காமல் விட்டது எத்தனை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நர்ஸ் "என்றாள்" என்று எழுதினேனே, கவனித்தீர்களா? நானும் இப்போதுதான் கவனித்தேன். பதிப்பாளருக்கு "ஆர்", நர்ஸுக்கு "ஆள்". திருத்தப்போவதில்லை, இருக்கட்டும், பார்வைக்கு.

மற்றதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"கேட்டியா?" என்றார் கமா.

"கேட்டேன் அக்கா."

கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார், சொட்டு மருந்து அப்படித்தான் வழியும் என்று என்னிடம் சொன்னார். பிறகு தூணைப் பார்த்துக் குரல் கொடுத்தார், "இங்க இருக்கேன், வாங்க" என்று. அவன் சுற்றிக்கொண்டு வந்தான். இவ்வளவு பக்கத்திலா இருந்தாய் என்று திடுக்கிட்டானா, எனக்கு முகம் தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும் ஒரு நொடி நின்று வந்தது.

"தம்பிக்குப் போன் போடுங்க" என்றார் கமா, எழுந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டே. "கடைசி வரி நான் எழுதினபடியே, 'நீ உட்காரு'ன்னே போகட்டும்."

"சரி" என்றான். "வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை முழுக்கப் படிச்சுடறேன். எங்கயாவது விட்டிருப்பேன்."

"விட்டிருப்பீங்க. படிங்க, கேக்கறேன்."

போய்விட்டார்கள். கதை என்னிடம் இருந்தது, அந்த இரண்டு அடைப்புக்குறியோடு.

உங்களிடம் தருகிறேன். "ங்க" போடுவதானாலும் போடுங்கள், வெறுமையாக விடுவதானாலும் விடுங்கள். அவருடைய கடைசி வரி பரிசா பதிலடியா என்பது நீங்கள் போடுவதைப் பொறுத்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் நிரப்பிய பிறகு அந்த வாக்கியத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள், உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் காதில் விழும்படி. மனசுக்குள் படித்தால் கணக்கில் வராது.